விளிம்பு சுடாத கோப்பை

ஒரு சீனத்துக் கோப்பைக்காக நான் மைசூர் முழுக்க அலைந்தேன் என்று சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். டீ குடிக்க இந்த ஊரில் டம்ளருக்கா பஞ்சம் என்கிறார்கள். சிரிக்கட்டும். நான் அலைந்தது டீ குடிப்பதற்காக இல்லை. என் கையால் இன்னொருவருக்கு டீ கொடுப்பதற்காக. அதற்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்களுக்கு இரண்டு கையும் முழுசாக இருக்கிறது.

என் வலது கையில் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் இல்லை. மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தபோது போயின. மெஷினுக்குள் கை போகாமல் இருக்க முன்னால் ஒரு கம்பித் தடுப்பு இருக்கும். அது இருந்தால் வேலை மெதுவாக நடக்கிறது என்று அன்றைக்குக் கழற்றி வைத்திருந்தார்கள். கழற்றச் சொன்ன சூப்பர்வைசர் பிறகு ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாமே அம்மா என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார். ஆப்பிளை அவர் மேலேயே எறியலாம் என்றால் இடது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

கம்பெனி என்னை இன்ஸ்பெக்‌ஷனுக்கு மாற்றியது. வருகிற பாகங்களை அளந்து பார்த்து, சரியில்லாததை ஒதுக்கிப் போடுகிற வேலை. இடது கையால் எழுதப் பழகினேன். பூட்டுத் திறக்க, தலை வார, புடவை மடிக்க, ஸ்பூனில் சாப்பிட எல்லாம் பழகினேன். ஆறு மாதத்துக் குழந்தை மாதிரி வாயெல்லாம் அப்பிக்கொண்டு சாப்பிட்டுத்தான் பழகினேன். நான் பழகிவிட்டேன். மற்றவர்கள் பழகவில்லை.

இடது கையால் எதையும் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம் மட்டுமல்ல, இந்த ஊரின் சட்டம். காசு, பூ, பிரசாதம், தண்ணீர், எது ஆனாலும் வலது கை. மறந்துபோய் இடது கையை நீட்டுகிற பிள்ளையின் புறங்கையில் ஒன்று வைப்பார்கள். சரி, வலது கையால் கொடுக்கலாம் என்று என் வலது கையை நீட்டினால் எதிரில் இருப்பவர் முகத்தில் ஈயாடாது. இடது கையால் கொடுத்தால் அவமரியாதை, வலது கையால் கொடுத்தால் அருவருப்பு. அப்புறம் நான் எதால்தான் கொடுப்பது? இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சத்தம் போட்டுத்தான் கேட்டிருப்பேன், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

எங்கள் சொந்த ஊர் மாதேஸ்வரன் மலைப் பக்கத்து ராமாபுரம். அப்பா போன பிறகு அம்மாவும் தங்கச்சியும் மைசூருக்கு வந்து என்னோடு இருக்கிறார்கள். என் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. அது பேங்கில் விழுந்து, அங்கிருந்து அரிசியாகவும் வாடகையாகவும் மாறுகிறது. அதில் இடது வலது எதுவும் இல்லை. ஆனால் அம்மாவுக்கு பிரஷர் மாத்திரையை எடுத்து நீட்டினால் மட்டும், "அங்க வெச்சுரு கண்ணு" என்பாள். நான் மேஜை மேல் வைப்பேன். அதற்குப் பிறகு அவள் எடுத்துக்கொள்வாள். பூ வாங்கி வந்தாலும் அப்படித்தான், தண்ணீர் மோந்து கொடுத்தாலும் அப்படித்தான். குரலில் ஒரு கடுமை இருக்காது. கண்ணு என்று சொல்லித்தான் சொல்வாள்.

அம்மா கெட்டவள் இல்லை. என் கோபத்துக்குப் பெரிய இடைஞ்சலே அதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் எனக்குச் சோறு ஊட்டிவிட்டவள் அவள். என் வலது கையை மடியில் வைத்து எண்ணெய் தடவிவிட்டவள். தொடுவதற்கு அவளுக்குக் கூச்சமே இல்லை. என் கையிலிருந்து வாங்குவதற்குத்தான் ஆகாது. இடது கையால் வாங்கினால் லட்சுமி தங்கமாட்டாள், அவ்வளவுதான், அது அவளுக்கு மழை வெயில் மாதிரி ஒரு விஷயம். கெட்டவளாக இருந்திருந்தால் ஒரு நாள் நன்றாகச் சண்டை போட்டு முடித்திருப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் கம்பெனிக்குச் சீனத்திலிருந்து ஒரு மெஷின் வந்தது. அதைப் பொருத்தி ஓட்டிக் காட்ட அந்த ஊர் இன்ஜினியர் ஒருவரும் கூடவே வந்தார். பையில் ஒரு சின்ன வெள்ளைக் கோப்பையை எப்போதும் துணி சுற்றி வைத்திருப்பார். கைப்பிடி கிடையாது. கீழே ஒரு தட்டு, மேலே ஒரு மூடி. இலையைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூடிவிடுவார். கொஞ்ச நேரம் கழித்துக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் விளிம்பைப் பிடித்து, ஆள்காட்டி விரலை மூடியின் குமிழ் மேல் வைத்து, மூடியை ஒரு நூல் சாய்த்து ஊற்றுவார். இலை உள்ளேயே நின்றுவிடும், டீ மட்டும் இறங்கும். மூடியே வடிகட்டி. எல்லாம் ஒரே கை.

அதுவும் இடது கை. அவர் பிறவியிலேயே இடது கைக்காரர்.

நம் டீயை நினைத்துப் பாருங்கள். ஒரு கையில் இடுக்கியால் பாத்திரத்தைப் பிடிக்க வேண்டும், இன்னொரு கையில் வடிகட்டியைப் பிடிக்க வேண்டும். கெட்டிலிலிருந்து ஊற்றினாலும் மூடி விழாமல் இருக்க இன்னொரு கை வேண்டும். விரல் போன நாளிலிருந்து நான் யாருக்கும் டீ போட்டதே இல்லை. அந்தக் கோப்பையைப் பார்த்தபோது, இதை எனக்காகவே யாரோ செய்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

ஆனால் எனக்கு ஆசை வருவதற்கு முன்னால் கோபம்தான் வந்தது. அவர் டீயைச் சின்னச் சின்னக் கோப்பைகளில் ஊற்றி இடது கையால் நீட்டினார். எங்கள் சூப்பர்வைசர், ஆப்பிள் வாங்கி வந்தாரே அவர்தான், இரண்டு கையையும் நீட்டி, குனிந்து, பல்லெல்லாம் தெரிய வாங்கிக் குடித்தார். ஒவ்வொருவராக வரிசையில் நின்று வாங்கினார்கள். ஒரு ஆள்கூட அங்கே வையுங்கள் என்று சொல்லவில்லை. நான் சோதித்த பாகங்களை நீட்டினால் ட்ரேயில் போடச் சொல்கிற அதே ஆட்கள். எனக்குக் காது வரை சூடேறியது. வெளிநாட்டுக்காரன் நீட்டினால் அது வெறும் கை. நான் நீட்டினால்தான் அது இடது கை.

எனக்கும் ஒரு கோப்பை கொடுத்தார். வெந்நீரில் புல் வாசனை. எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், பிறகுதான் மெல்லப் பிடித்தது. கோப்பையின் பெயரை என் போனில் தட்டிக் கொடுத்தார். அது என் வாயில் நுழையவில்லை. மூடிக் கோப்பை என்றே சொல்லிக்கொண்டு தேட ஆரம்பித்தேன்.

முதலில் மார்க்கெட் பக்கம் ஒரு பீங்கான் கடைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, கடை அப்போதுதான் திறந்திருந்தது. மூடி போட்ட கோப்பை என்றதும் கடைக்காரர் ஊறுகாய் ஜாடியைக் காட்டினார், சர்க்கரைக் கிண்ணத்தைக் காட்டினார், சூப்புக் கிண்ணத்தைக் காட்டினார். போனில் படத்தைக் காட்டினேன். "இது யாரு வாங்கறாங்க மேடம், கைப்பிடியே இல்ல, சுடும்" என்றார். சரி, சின்னக் கோப்பைகளாவது இருக்கட்டும் என்று மூன்று எடுத்தேன். காசை நீட்டியபோது அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"போணி டைமு மேடம். பலது கையில கொடுங்க" என்றார். அவருடைய கன்னட வாயில் வலது பலது ஆகிவிட்டது.

துப்பட்டாவுக்குள் இருந்த வலது கையை வெளியே எடுத்து அவர் முகத்துக்கு நேராகக் காட்டினேன். வேண்டுமென்றேதான் காட்டினேன். அவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கல்லாப் பெட்டியைத் தொட்டு, "அல்லே இடி" என்றார். கன்னடத்தில் அங்கேயே வை என்று அர்த்தம். வீட்டில் தமிழில் கேட்பதைக் கடையில் கன்னடத்தில் கேட்டேன். காசை வைத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது, பக்கத்து சீட்டில் இருந்த பெண் நான் முணுமுணுப்பதைப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்தாள்.

அப்புறம் ஆன்லைனில் ஒன்று வாங்கினேன். படத்தில் அழகாக இருந்தது, டிராகன் எல்லாம் போட்டிருந்தது. வந்ததும் தெரிந்துவிட்டது, இதைக் கம்பெனியில் என் மேஜைக்கு அனுப்பியிருந்தால் பார்த்தவுடன் ஒதுக்கியிருப்பேன். சுவர் தடி. விளிம்பு வெளியே விரியாமல் நேராக நின்றது. அதனால் விரல் வைக்கிற இடம் வெந்நீரின் சூட்டிலேயே இருந்தது. மூடி விளிம்புக்கு உள்ளே அடங்காமல் மேலே ஆடிக்கொண்டிருந்தது. ஊற்றப் போனேன், விரல் வெந்தது, ஸிங்கில் போட்டேன். கோப்பை தப்பியது, மூடியில் ஒரு சில்லு போனது.

அம்மா ஓடி வந்து என் விரலைத் தண்ணீரில் பிடித்தாள். "உனக்கு எதுக்கு கண்ணு இந்த வேண்டாத வேல? நாங்க போட்டுக் குடுக்க மாட்டமா?" என்றாள்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். போட்டுக் கொடுப்பீர்கள், தெரியும். எனக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள். அந்த வாரமே அம்மா அந்தக் கோப்பையைக் கழுவித் துடைத்து, சாமி மாடத்தில் வைத்து, விபூதி கொட்டி மூடிவிட்டாள். மூடியும் தட்டும் இருந்ததால் அவளுக்கு அது சாமிக்கென்றே செய்த மாதிரி தெரிந்திருக்கிறது. தினமும் காலையில் அதிலிருந்து எடுத்து நெற்றியில் பூசிக்கொள்வாள். என் இடது கை வாங்கிய கோப்பை மாதேஸ்வரன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டது. அந்த இடது கை நீட்டுகிற மாத்திரை மட்டும் மேஜை மேல்.

அந்தக் கோபத்தோடுதான், திபெத்துக்காரர்கள் குடியிருக்கிற பைலகுப்பேக்கு பஸ் ஏறினேன். அவர்கள் மூடி போட்ட கோப்பையில் டீ குடிப்பதை, அங்கே புத்தர் கோயிலைப் பார்க்கப் போனபோது பார்த்த ஞாபகம் இருந்தது. இந்தத் தடவை பையில் ஒரு பிளாஸ்க் நிறையக் கொதித்த தண்ணீர் எடுத்துப் போனேன். எதையும் சோதிக்காமல் வாங்குவதில்லை என்று முடிவு.

அங்கே கடைக்குக் கடை மூடிக் கோப்பைகள் இருந்தன. பெரும்பாலானவை என் கைக்குப் பெரிது. கட்டைவிரலையும் நடுவிரலையும் விரித்தால் இரண்டு பக்க விளிம்பையும் எட்டவில்லை. சிலதுக்கு உலோக மூடி, தொட்டாலே சுடும். ஒரு கடையில் ஒரு அம்மா போனில் பேசிக்கொண்டே அலமாரியைக் காட்டினார். ஓரத்தில் ஒன்று, பூவும் இல்லை, டிராகனும் இல்லை, வெறும் வெள்ளை. கையில் எடுத்தேன். விளிம்பு காகிதம் மாதிரி மெலிந்து நன்றாக வெளியே விரிந்திருந்தது. மூடி உள்ளே இறங்கி உட்கார்ந்தது. விரலால் சுற்றிவிட்டுப் பார்த்தேன், எங்கேயும் உரசவில்லை. சாய்த்தேன், மூடி வழுக்கவில்லை.

பிளாஸ்க்கைத் திறந்து ஊற்றிப் பார்க்கலாமா என்று சைகையில் கேட்டேன். அந்த அம்மா போனைக் காதில் வைத்தபடியே தலையாட்டினார். ஊற்றி, மூடி, விளிம்பைப் பிடித்துத் தூக்கினேன். அப்படியே நின்றேன். கோப்பையின் வயிற்றில் ஒரு விரல் பட்டதும் சுரீர் என்றது, விளிம்பு மட்டும் சுடவில்லை. அவர் திபெத்து மொழியில் யாரிடமோ சண்டை போட்டார், சமாதானமானார், சிரித்தார், பிறகு இன்னொரு சண்டையை ஆரம்பித்தார். அவர் பேசி முடிக்கிற வரைக்கும் நான் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. போனை வைத்ததும் என்னைப் பார்த்து, இன்னுமா பிடித்திருக்கிறாய் என்பது போலப் புருவத்தைத் தூக்கினார். காசை இடது கையால் நீட்டினேன். வாங்கிக் கல்லாவில் போட்டார். அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பச்சைத் தண்ணீரில் பழகினேன், பிறகு வெதுவெதுப்பில், பிறகு கொதிக்கக் கொதிக்க. கீழ்த்தட்டு எனக்கு இடைஞ்சலாக இருந்தது, அதை விட்டுவிட்டேன். மூடியை ஒரு நூல் சாய்ப்பதுதான் கஷ்டம். கொஞ்சம் அதிகமானால் இலை கொட்டும், கொஞ்சம் குறைந்தால் டீ விரல் மேல் வழியும். மழைக்காலம் முடிவதற்குள் கைக்கு வந்துவிட்டது. ஆனால் கொடுப்பதற்கு ஆள் இல்லை. தங்கச்சிக்குக் கொடுத்தால் குடிப்பாள், அவள் போன் பார்த்துக்கொண்டே எதையும் குடிப்பாள். அம்மாவிடம் நான் நீட்டவில்லை. அங்கே வை என்று கேட்டுவிட்டால் கோப்பையைச் சுவரில் அடித்துவிடுவேனோ என்று எனக்கே பயம்.

அந்தச் சமயத்தில்தான் தங்கச்சியைப் பெண் பார்க்க ராமாபுரத்திலிருந்து வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளை ஹெப்பாளில் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். நல்ல இடம், நிலம் நீச்சு உள்ள குடும்பம். அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வருவதற்கு முதல் நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், என் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஒரு நா மட்டும் நீ சமையக்கட்டுலயே இருந்துக்க கண்ணு. கேட்டா ஒடம்பு சரியில்லைன்னு சொல்லிக்கலாம். அவீங்க மொத மொதல்ல வர்றாங்க. நல்ல காரியம் பாரு" என்றாள்.

தங்கச்சி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் போனைப் பார்த்தாள். அவள் கட்டப்போகிற புடவை முதற்கொண்டு நான் வாங்கியது. அதைச் சொல்லிக் காட்ட நாக்கு நுனி வரை வந்தது, மென்று முழுங்கினேன். அம்மாவின் மடியிலிருந்து கையை உருவிக்கொண்டு எழுந்து போய்விட்டேன். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் வந்தார்கள். கேசரிபாத்தும் பஜ்ஜியும் தங்கச்சி கொண்டுபோய் வைத்தாள். அடுத்து காபி. நான் சமையலறையில் நின்று வெந்நீர் கொதிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கொதித்தது. ஒரு தட்டில் மூடிக் கோப்பையையும் மூன்று சின்னக் கோப்பைகளையும் வெந்நீர் பிளாஸ்க்கையும் அடுக்கினேன். இலை போட்டு ஊற்றி மூடினேன். துப்பட்டாவைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். தட்டை இடது கையில் பிடித்து, வலது கையால் அடியில் தாங்கிக்கொண்டு, ஹாலுக்குள் போனேன்.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. நான் அவளைப் பார்க்காமல் தட்டை டீப்பாயில் வைத்து உட்கார்ந்தேன். "நான் இவளோட அக்கா" என்றேன். விளிம்பைப் பிடித்தேன், மூடியைச் சாய்த்தேன், மூன்று கோப்பையிலும் ஊற்றினேன். ஒரு இலை விழவில்லை. முதல் கோப்பையை மாப்பிள்ளைக்கு நீட்டினேன்.

"என்னங்கக்கா இது, கஷாயமா?" என்று கேட்டுக்கொண்டே வாங்கினார்.

"சீனா டீ."

அவருடைய அம்மா என் இடது கையைப் பார்த்தார், வலது கையைப் பார்த்தார். "எப்புடியாச்சு அம்மிணி?" என்று நேராகக் கேட்டார். இத்தனை காலத்தில் இப்படி நேராகக் கேட்டவர்கள் குறைவு.

"மெஷின்லங்க."

"எங்க சித்தப்பனுக்கும் கரும்பாட்டற மெஷின்ல இப்புடித்தான். பாவம், அந்தக் காலத்துல ஆஸ்பத்திரி ஏது" என்றார். சொல்லிக்கொண்டே கையை நீட்டிக் கோப்பையை வாங்கினார். ஒரு மடக்குக் குடித்து முகத்தைச் சுளித்தார். "சக்கரையே இல்லையே" என்றார். அவர் வீட்டுக்காரர் வாங்கி, மருந்து மாதிரி ஒரே மூச்சில் குடித்து வைத்தார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

சின்னக் கோப்பைகள் தீர்ந்துவிட்டன. மூடிக் கோப்பையில் பிளாஸ்க்கிலிருந்து இன்னும் வெந்நீர் ஊற்றி, மூடி, விளிம்பைப் பிடித்துத் தூக்கி, எழுந்து, அப்படியே அம்மாவிடம் நீட்டினேன்.

"அங்க வெச்சுரு கண்ணு" என்றாள் அம்மா.

ராமாபுரத்திலிருந்து வந்தவர்கள் வாங்கிவிட்டார்கள். பஸ் ஓட்டுகிறவர் வாங்கினார், முன்பின் தெரியாத ஒரு அம்மா வாங்கினார். என்னைப் பெற்றவள் அங்கே வை என்கிறாள். எனக்குத் தலை முதல் கால் வரை எரிந்தது. கத்தவில்லை. வைக்கவும் இல்லை. கையை நீட்டியபடியே நின்றேன். தங்கச்சி காபித் தட்டோடு கதவோரம் வந்து அப்படியே நின்றுவிட்டாள். மூடி இடுக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. என் விரலுக்குச் சூடு தெரியவில்லை. இந்தக் கோப்பையை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் என்னால் பிடித்துக்கொண்டு நிற்க முடியும், அதைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

அம்மா என் கண்ணைப் பார்த்தாள். வந்தவர்களைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி வாங்கினாள். எனக்காக வாங்கினாளா, அவர்கள் பார்க்கிறார்கள் என்று வாங்கினாளா, இன்றுவரை நான் கேட்கவில்லை. டம்ளரைப் பிடிக்கிற மாதிரி கோப்பையின் வயிற்றைச் சுற்றிப் பிடித்துவிட்டாள். "ஸ்ஸ்" என்றாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வெளும்பப் புடிம்மா" என்றேன். என் குரலில் கோபம் கொஞ்சமும் குறையவில்லை.

அம்மா விரல்களை ஒவ்வொன்றாக மேலே நகர்த்தினாள். கோப்பையைக் கீழே வைக்கவில்லை.